காற்றாலைக்குள் நுழையும் ஈரம்

முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் 1990களில் எழுந்த காற்றாலைகளில் பெரும்பாலானவை எளிய இயந்திரங்கள். ஜெனரேட்டர் நேராக மின்கட்டமைப்போடு இணைந்திருக்கும்; காற்று கூடினாலும் குறைந்தாலும் இறக்கைகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் சுற்றும். இன்றைய மெகாவாட் காற்றாலைகள் காற்றுக்கேற்பத் தம் வேகத்தை மாற்றிக்கொள்கின்றன. அதனால் ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, மறுபடி 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமாக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையைச் செய்வது கன்வெர்ட்டர். சில வகைகளில் மொத்த மின்சாரமும் இதன் வழியே போகிறது. வேறு சிலவற்றில் ஏறத்தாழ 30 சதவீதம்.

இறக்கை ஒடிந்தால் ஊரே பார்க்கும். கன்வெர்ட்டர் பழுதானால் காற்றாலை நிற்பது மட்டும்தான் தெரியும். ஆனால் அடிக்கடி பழுதாகும் பாகங்களில் இதுவும் ஒன்று. நல்ல காற்று வீசும் நாளில் நின்றுபோனால் அன்றைய மின்சாரம் போனது போனதுதான்.

கன்வெர்ட்டரின் உயிர் ஐஜிபிடி எனும் டிரான்சிஸ்டர். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் சிலிக்கான் சில்லு அது. சில்லின் மேல் மெல்லிய அலுமினியக் கம்பிகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். சூடேறினால் அலுமினியம் சிலிக்கானைவிடப் பல மடங்கு விரியும். காற்று ஏறி இறங்க, சில்லும் சூடாகி ஆறிக்கொண்டே இருப்பதால், ஒருநாள் கம்பி கழன்றுவிடும். காற்றாலையிலும் இதுவே முதல் எதிரி என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். ஆயுள் கணக்குகள் வெப்பத்தை வைத்தே போடப்பட்டன.

களத்திலிருந்து வந்த பதில் வேறு. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் காற்றாற்றல் ஆய்வு நிறுவனம் தலைமையிலான குழு, உலகெங்கும் 2,700க்கும் மேற்பட்ட காற்றாலைகளின் பழுதுப் பதிவுகளை அலசி 2019இல் முடிவுகளை வெளியிட்டது. கம்பி கழன்ற தேய்மானம் அதில் முக்கியக் காரணமாகத் தெரியவில்லை. பழுதுகள் பருவத்தோடு சேர்ந்து கூடிக் குறைந்தன. சந்தேகம் ஈரப்பதத்தின் மேலும், உள்ளே படியும் நீர்த்துளிகளின் மேலும் விழுந்தது.

யோசித்தால் புரியக்கூடியதுதான். காற்றில்லாமல் காற்றாலை நிற்கும்போது கன்வெர்ட்டர் பெட்டி குளிர்ந்துவிடுகிறது. பிறகு ஈரக்காற்று புகுந்தால், குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பு வியர்ப்பதுபோல உள்ளே உலோகமெல்லாம் வியர்க்கிறது. சுமார் 1,000 வோல்ட் இருக்கும் இடத்தில் அந்த ஈரப்படலம் போதும், மின்பொறி பாய. சில்லுகளை மூடியிருக்கும் சிலிக்கோன் ஜெல் தூசியைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது நேரடிச் செய்தி. நம் காற்று சீசன் தென்மேற்குப் பருவமழையோடு வருவது. வருமானம் கொட்டும் மாதங்களில்தான் காற்றில் ஈரமும் இருக்கிறது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க மாநில அரசு 2024இல் தனிக் கொள்கையே அறிவித்திருக்கிறது. கன்வெர்ட்டர் இல்லாத பழைய இயந்திரங்களின் இடத்துக்குக் கன்வெர்ட்டர் உள்ளவை வரப்போகின்றன. வாங்குகிறவர்கள் வெப்பச் சோதனைச் சான்றோடு நிறுத்தாமல் ஈரப்பதச் சோதனைச் சான்றையும் கேளுங்கள். நெடுநேரம் நின்ற காற்றாலையை ஓட்டும் முன் பெட்டியைச் சூடாக்கி உலர்த்துங்கள். சீசன் தொடங்குமுன் கதவு ரப்பர்களைச் சோதித்து, தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.