2,000 ரூபாய்ப் பாடம்

பள்ளிக்கூடத்தில் தொழில்முனைவு சொல்லித் தருகிறார்கள் என்றால், பெற்றோர் பலரும் முதலில் கேட்பது இதைத்தான்: ‘படிக்கிற பிள்ளைக்கு வியாபாரம் எதுக்குங்க?’ நியாயமான கேள்வி. டீயைக் குடித்தபடியே, டெல்லி அரசுப் பள்ளிகளில் நடந்ததை வைத்து நிதானமாகப் பார்ப்போம்.

2019இல் டெல்லி அரசு தன் பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை தொழில்முனைவு மனப்பான்மைக்கென்றே ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்தது. அதற்குத் தேர்வு கிடையாது என்று வைத்திருந்தார்கள். கதை, செயல்பாடு, கலந்துரையாடல், தொழில் நடத்துகிறவர்களை அழைத்துக் கேள்வி கேட்பது என்று வகுப்பு நடந்தது. 2021இல் அதன் பகுதியாக ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ திட்டம் வந்தது. 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு யோசனை சொல்ல வேண்டியிருந்தது. தேறினால் தலைக்கு 2,000 ரூபாய் முதலீடாகக் கிடைத்தது.

இந்தப் பணம் என்ன கற்றுத்தரும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐந்து பேர் சேர்ந்து துணிப்பை விற்பதாக வைத்துக்கொள்வோம். கையில் 10,000 ரூபாய். 100 பைக்குத் துணி 3,000, தையல் கூலி 1,000, அச்சு 500. ஒரு பையின் அடக்கவிலை 45 ரூபாய். 60க்கு விற்றால் பைக்கு 15 ரூபாய் லாபம் என்று நம்பி இறங்குகிறார்கள். விற்றதோ 70 பைதான். போட்டது 4,500, வந்தது 4,200. 300 ரூபாய் குறைகிறது. 30 பை தேங்கிக் கிடக்கிறது.

பாடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளுவதா, இன்னொரு கடையில் கேட்பதா? முதலில் 20 பை மட்டும் தைத்து நாலு பேரிடம் காட்டியிருக்கலாமோ? நம் உழைப்பை அடக்கவிலையில் சேர்த்தோமா? அடக்கவிலை பற்றிப் படித்து முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் விற்காத பையை எதிரில் வைத்துக்கொண்டு யோசித்த பிள்ளை அதை மறக்காது.

இதில் ஆசிரியருக்குத்தான் கடினமான வேலை: விடை தெரிந்தும் சொல்லாமல் இருப்பது. விலையை அவரே வைத்துவிட்டால் பிள்ளைகள் சொன்னதைச் செய்கிறவர்களாகிவிடுவார்கள். முடிவெடுத்து, அதன் விளைவை ஏற்கும் பழக்கம் வராது. நஷ்டத்துக்குத் திட்டினாலோ அடுத்த முறை யாரும் கை தூக்க மாட்டார்கள். தேர்வு வேண்டாம் என்று வைத்தது சரியான முடிவு என்று நான் நினைப்பது அதனால்தான்.

பிசினஸ் பிளாஸ்டர்ஸைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவும் காட்டினார்கள். மேடையேறிய குழுக்களுக்குப் பெருமைதான். ஆனால் திட்டத்தின் பலனை அங்கே அளக்க முடியாது. முன்பின் தெரியாதவரிடம் பேசத் தயங்கிய பிள்ளை ஒரு கடைக்காரரிடம் போய் விலை பேசியதா, ‘வேண்டாம்’ என்ற பதிலைக் கேட்ட பிறகும் அடுத்த கடை ஏறியதா என்பதில்தான் இருக்கிறது அந்த அளவு.

எல்லாப் பிள்ளைகளும் முதலாளி ஆகப்போவதில்லை. செவிலியர் ஆனாலும் விவசாயி ஆனாலும், கேட்கத் தயங்காத வாயும் கணக்கு ஒப்பிக்கும் நேர்மையும் தோற்றால் மறுபடி முயலும் தெம்பும் வேண்டும். ஆகவே உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்து உணவுத் திருவிழா வரும்போது, எல்லாவற்றையும் நீங்களே சமைத்துக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். என்ன செய்வது, என்ன விலை என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். மாலையில் வரவு செலவையும் அவர்களே எழுதிக் காட்டட்டும்.