ஊர்ப்பெயர் காட்டிய பழம்பதிகள்

மண்மேடாகிவிட்ட பழைய ஊரை அகழாமலே அறிய இயலுமா? இயலும் என்று காட்டியவர் எட்வர்டு இராபின்சன் என்னும் அமெரிக்க அறிஞர். அதற்கு அவர் துணைகொண்டவை உழவரும் இடையரும் நாள்தோறும் வழங்கிவந்த ஊர்ப்பெயர்களே.

கனெக்டிகட் மாநிலத்தில் 1794-இல் பிறந்த இராபின்சன் எபிரேய மொழியில் வல்லவர். விவிலியம் கூறும் ஊர்கள் பல எங்கிருந்தன என்பது அந்நாளில் தெளிவாகவில்லை. மடத்துத் துறவிகள் காட்டிய இடங்களையே பயணிகள் பலரும் நம்பினர். உண்மை காண விழைந்த இராபின்சன், 1838-இல் கெய்ரோவிலிருந்து சீனாய்ப் பாலைவழியே பாலத்தீனம் சென்றார். உடன் சென்றவர் அவருடைய பழைய மாணவரும் அரபு மொழியில் தேர்ந்தவருமான ஈலை சுமித்து. திசைகாட்டி, அளவுநாடா, தொலைநோக்கி ஆகியவற்றையும் கொண்டுசென்றனர்.

மலையையும் பாழிடத்தையும் காணுந்தோறும் அவர்கள் அங்குள்ளாரிடம் பெயர் கேட்டனர். 'இது இன்ன ஊர்தானே?' என வினவினால், வந்தவர் மனம் கோணாதபடி 'ஆம்' என்றுவிடுவர். ஆதலின் 'இதன் பெயர் என்ன?' என்றே வினவினர்.

'பெய்த்தீன்' என்னும் சிற்றூரே பழைய பெத்தேல் என்று கண்டனர். ஈற்று லகரம் னகரமாகியிருந்தது. 'சேலூன்' என்ற பாழிடம் சீலோ ஆயிற்று. சீலோவினரைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலும் இந்த னகரம் உண்டு. 'எல்-ஜீப்' கிபியோன் எனத் துணிந்தனர். ஆயினும் ஒலியொப்புமை ஒன்றையே அவர் நம்பவில்லை. பழநூல்கள் கூறும் திசையும் தொலைவும் பொருந்துகின்றனவா என்றும் ஆராய்ந்தார்.

இப்பெயர்கள் பிழைத்தது எங்ஙனம்? எபிரேயமும் அரபும் ஓரினமொழிகள். ஆகவே, மக்களின் பேச்சுமொழி மாறியும் பெயர்கள் எளிதில் நின்றன. கிரேக்க ஆட்சியில் அக்கோ 'பித்தொலோமாய்' என்றும், பெத்செயான் 'சித்தோபொலிசு' என்றும் பெயர்மாற்றம் பெற்றன. அவ்வாட்சி போயபின் அப்பெயர்களும் வழக்கொழிந்தன; மக்கள் நாவில் அக்கா, பெய்சான் என்பனவே நிலைத்தன.

இராபின்சனின் ஆராய்ச்சி 1841-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. மறு ஆண்டே இலண்டன் அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று. எல்-ஜீப்பில் 1956-இல் ஜேம்சு பிரிச்சர்டு அகழாய்வு தொடங்கினார். அங்குக் கிடைத்த சாடிப் பிடிகளில், பழைய எபிரேய எழுத்தில் 'கிபியோன்' என்றே பொறிக்கப்பட்டிருந்தது. உழவர் வாய்மொழிக்கு மண்ணே சான்று பகர்ந்தது.

கொச்சையெனக் கருதி ஊர்ப்பெயரைத் திருத்தி எழுதுவோர், ஒரு வரலாற்றுச் சான்றையே அழிக்கக்கூடும். முதியோர் வழங்கும் ஒலியை முதலில் உள்ளவாறே பதிதல் வேண்டும். ஆராய்ச்சி அதன் பின்னரே.