மலாக்கா போய் வருவோமா?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால், "இந்த முறை எங்கே போகிறோம்?" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கையில் இருப்பதோ அளவான பணம். செலவும் கையைக் கடிக்கக் கூடாது, பார்த்தது மனத்திலும் தங்கவேண்டும். அப்படி எண்ணும் குடும்பங்களுக்கு மலாக்கா ஏற்ற ஊர். அறுநூறு ஆண்டுச் சரித்திரத்தை ஒரே நாளில், பெரும்பாலும் கால்நடையாகவே பார்த்துவிடலாம். அந்தச் சரித்திரத்தில் நம்மவருக்கும் பங்கு உண்டு.

காற்றுக்குக் காத்திருந்த துறைமுகம்

ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் பரமேஸ்வரா என்ற இளவரசர் மலாக்காவை நிறுவினார். இந்தியக் கப்பல்களும் சீனக் கப்பல்களும் சந்திக்கும் இடமாக அது வளர்ந்தது. பாய்மரக் கப்பல், வந்த காற்றிலேயே திரும்பிப் போக முடியாது. காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகளோடு வந்த தமிழ் வணிகர்களும் அப்படிக் காத்திருந்தவர்களே. துணியை விற்றுக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கிச் சென்றார்கள். சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

1511-இல் போர்த்துகீசியர் ஊரைக் கைப்பற்றினார்கள். அவர்கள் ஆட்சியின் தொடக்கத்தில் பெண்டஹாரா என்னும் உயர்ந்த பதவியில் இருந்தவர் நைனா சாத்து என்ற இந்து வணிகர். பிறகு 1641-இல் டச்சுக்காரர் வந்தார்கள். 1824-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஊர் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று.

குன்றும் கோட்டையும்

மலாக்கா சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஏறினால் சிவப்புக் கட்டடங்கள் நிற்கும் சதுக்கத்தை அடையலாம். பெரிய கட்டடம் டச்சு ஆளுநர் வாழ்ந்த மாளிகை. பக்கத்தில் இருப்பது 1753-இல் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம்.

பின்னால் உள்ள சிறு குன்றில் ஏறுங்கள். உச்சியில் கூரையில்லாத தேவாலயம் ஒன்று நிற்கிறது. 1521-இல் போர்த்துகீசியர் எழுப்பிய சிற்றாலயமே அதன் தொடக்கம். புனித சவேரியாரின் உடல் கோவாவுக்குக் கொண்டுபோகப்படுமுன், 1553-இல் சில மாதங்கள் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது.

மறுபக்கம் இறங்கினால் அ ஃபமோசா கோட்டையின் வாயில். மற்றதையெல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் இடித்துத் தள்ளிவிட்டார்கள். எஞ்சியது இந்த ஒரு வாயில்தான். அருகில் உள்ள திடலில் பிள்ளைகளைச் சற்று நிறுத்துங்கள். நாடு சுதந்திரம் பெறப்போகும் நாளை 1956 பிப்ரவரி 20-இல் துங்கு அப்துல் ரஹ்மான் மக்களுக்கு அறிவித்தது இங்கேதான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பாலத்தைக் கடந்து பொற்கொல்லர் தெருவுக்கு, அதாவது ஜாலான் துக்காங் எமாஸுக்கு, வாருங்கள். அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில், தெய்வநாயகம் செட்டி என்பவர் 1781-இல் எழுப்பியது. நாட்டில் இன்றும் பூசை நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. சில அடி தூரத்தில் 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதற்குக் குவிமாடம் கிடையாது, அடுக்குக் கூரைதான். இன்னும் சற்று நடந்தால் 17-ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங். மணியோசையும் தொழுகை அழைப்பும் ஊதுவத்திப் புகையும் கலந்து வரும் வீதி இது. 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவை உலக மரபுடைமை நகரமாக ஏற்றுக்கொண்டது.

பசிக்கிறதா? புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். கோழியோடு தரும் உருண்டைச் சோறு மலாக்காவின் தனிச்சிறப்பு. வெயிலுக்கு ஒரு கிண்ணம் செண்டோல் கட்டாயம் வேண்டும். அதில் ஊற்றும் கூலா மலாக்கா, தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுத்த வெல்லம்தான்.

முகம் நம் முகம், பேச்சு மலாய்

மாலையில் காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போகாமல் திரும்பாதீர்கள். அன்று காற்றுக்குக் காத்திருந்து தங்கிவிட்ட வணிகர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த வணிகர்கள் இந்த மண்ணின் பெண்களை மணந்தார்கள். காலப்போக்கில் வணிகம் கைநழுவியது, பலர் பயிர்த்தொழிலுக்குப் போனார்கள். தாய்நாட்டுத் தொடர்பும் அற்றுப்போனது. வீட்டில் தாயின் மொழியே பிள்ளைகளின் மொழியாயிற்று. அது மலாய்.

பிள்ளை, நாயக்கர் என்ற பெயர்கள் இன்றும் அவர்களிடம் உண்டு. பெண்களின் மரபுடை கெபாயாவும் சாரோங்கும். ஆனால் சமயத்தை அவர்கள் விடவில்லை. 1822-இல் எழுந்த ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிறார்கள். அதன் பெயர் 'டத்தோ சாச்சார்'. சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். நம் மாரியம்மனைத்தான் அப்படி அழைக்கிறார்கள்! பொங்கலுக்கு முதல்நாள் முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். அந்த இலையில் நாசி லெமாக்கும் இருக்கும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. கப்பல், கடை என்ற நம் சொற்கள் 'காப்பால்', 'கெடாய்' என்று மலாய் மொழியில் நிலைத்துவிட்டன. அந்த வணிகர்களின் வழிவந்தவர்கள் நாவில் மட்டும் தமிழ் தங்கவில்லை.

இதற்காக அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. துணைக்கு ஆளின்றி, கடலுக்கு இந்தப் பக்கம் பல நூற்றாண்டுகள் தனியே நின்று தம் தெய்வத்தைக் காத்தவர்கள் அவர்கள். வீட்டில் நாள்தோறும் ஏற்றிய விளக்கு நின்றது, வீட்டில் பேசாத மொழி போனது. பால்மரக் காட்டில் பிறந்து இன்று பட்டணத்து அடுக்குமாடியில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

அது காட்சிச்சாலை அல்ல, மக்கள் குடியிருக்கும் இடம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பெரியவர்களைக் கண்டால் கைகூப்புங்கள், வணக்கத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. திரும்பும் பஸ்ஸில் பார்த்ததையெல்லாம் பிள்ளைகள் வாயாலேயே, தமிழிலேயே சொல்லச் செய்யுங்கள்.