எனக்கு எவ்வளவு இருக்கோணுங்க, டாக்டர்?

காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில் ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் ஆண்டவன் கேட்ட பொருளை, பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்த பின் அதில் வைப்பார்கள். என்ன வைத்தாலும், அந்தப் பொருளுக்கு என்ன பொருள் என்று கொங்கு நாடே பேசும்.

தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தவர் கையில் வாங்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் அப்படித்தான் வீட்டாரை யோசிக்க வைக்கிறது. டி.எஸ்.ஹெச். 0.08 என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் இயல்பு அளவு 0.4 முதல் 4 வரை என்று போட்டிருக்கும். 0.08 மட்டும் தடித்த எழுத்தில். “மாத்திரை அதிகமாயிருச்சாட்ட இருக்குதுங்க, பாதியாக் குறைச்சுப்போடுங்க” என்பார் தெரிந்தவர் ஒருவர். அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் இவருக்கு அது தீங்கான யோசனை.

இந்தத் தைராய்டு வேறு

தைராய்டு தைராக்ஸினைச் சுரக்கிறது. அதை வேலை வாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்தான் டி.எஸ்.ஹெச். தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலானவை பாப்பிலரி, ஃபாலிகுலர் வகைகள். அந்தப் புற்றணுக்களும் டி.எஸ்.ஹெச்சின் தூண்டுதலால் வளரக்கூடியவை.

ஆகவே சுரப்பியை எடுத்த பிறகு போடும் தைராக்ஸின் மாத்திரைக்கு இரண்டு வேலை. சுரப்பி இல்லாத குறையை நிரப்புவது ஒன்று. டி.எஸ்.ஹெச்சைத் தாழ்த்தி வைப்பது இன்னொன்று. நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு 0.1க்கும் கீழே, வாய்ப்பு குறைந்தவர்களுக்கு 0.5 முதல் 2 வரை என்று டாக்டர்கள் பரவலாக வைத்துக்கொள்கிறார்கள். ரிப்போர்ட்டில் அச்சான இயல்பு அளவு, சுரப்பியோடு இருப்பவர்களுக்கானது. டாக்டர் தெரிந்தே தாழ்த்தி வைத்ததைத்தான் லேப் கம்ப்யூட்டர் தவறு என்று தடித்த எழுத்தில் காட்டுகிறது.

காங்கேயம் காளையின் மூக்கணாங்கயிறு போலத்தான் இது. தளர விட்டாலும் ஆபத்து, இறுக்கிப் பிடித்தாலும் வலி. டி.எஸ்.ஹெச். பல வருடம் மிகத் தாழ்ந்தே இருந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்; மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். நோய் இல்லை என்று வருடக்கணக்கில் உறுதியானால் டாக்டரே கயிற்றைத் தளர்த்துவார். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை இருந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் சொல்லிவிட வேண்டும். கர்ப்பம் தரித்தாலும் உடனே சொல்ல வேண்டும். அப்போது மாத்திரை கூடுதலாகத் தேவைப்படும்.

கொப்பரை ஒரே நாளில் காயாது

களத்தில் உடைத்துப் போட்ட தேங்காயை ஒரு நாள் வெயிலை வைத்து யாரும் எடை போடுவதில்லை. தைராக்ஸினும் நிதானமாக வேலை செய்வது. உடம்பில் அது பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகிறது. அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்த்தால்தான் டி.எஸ்.ஹெச். உண்மையைச் சொல்லும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர் மாத்திரை டப்பாவை வீட்டிலேயே விட்டுவிடுகிறார். திரும்பி வந்தும் ஒழுங்கில்லை. பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் தவறாமல் போடுகிறார். ரிப்போர்ட்டில் டி4, அதாவது தைராக்ஸின், சரியாக இருக்கும்; டி.எஸ்.ஹெச். ஏறியிருக்கும். டி4 நேற்றைய கதை, டி.எஸ்.ஹெச். பல வாரக் கதை. விட்டுப்போனதை மறைக்காமல் சொன்னால் டோஸை வீணாகக் கூட்ட வேண்டி வராது.

ரத்தம் கொடுக்கும் காலையில் முன்கூட்டியே மாத்திரையைப் போட்டாலும் சில மணி நேரத்துக்கு டி4 கூடுதலாகக் காட்டும். ரத்தம் கொடுத்த பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபி, டீக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் பலருக்குக் கால்சியம் மாத்திரையும் இருக்கும். அதுவும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராக்ஸினை உடம்பில் சேரவிடாது. 4 மணி நேர இடைவெளி அவசியம்.

முடிக்குப் போடும் மாத்திரை

முடி கொட்டுகிறதே என்று பயாட்டின் மாத்திரை வாங்குபவர்கள் நிறைய. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான். கடையில் கிடைக்கும் மாத்திரையில் 10 மில்லிகிராம்கூட இருக்கிறது. 300 மடங்குக்கும் மேல். இது உடம்பைக் கெடுப்பதைவிட ரிப்போர்ட்டைக் கெடுப்பதே அதிகம். சில ஆய்வு முறைகளில் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக ஏறியும் தெரியும். 2017இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்தது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயாட்டினை நிறுத்த வேண்டும். அதிக அளவு எடுப்பவர்கள் எத்தனை நாள் என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

பயாட்டின் இன்னொரு எண்ணையும் பொய்யாகக் குறைத்துவிடும்: தைரோகுளோபுலின். தைராய்டு அணுக்கள் மட்டுமே செய்யும் புரதம் இது. சுரப்பியை முழுக்க எடுத்து, கதிரியக்க அயோடினும் கொடுத்த பிறகு இது ஏறினால், எங்கோ அணுக்கள் மிஞ்சியிருக்கின்றன என்று சந்தேகப்படலாம். ஆனால் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு ரத்தத்தில் இதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். அது இருந்தால் தைரோகுளோபுலின் இருந்தும் இல்லாததுபோல் தெரியலாம். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஆன்டிபாடி வருடம் போகப்போக இறங்கினால் நல்லது; ஏறிக்கொண்டே போனால் தேட வேண்டும். காங்கேயத்தில் ஒரு தடவை, கோவையில் ஒரு தடவை என்று லேப் மாறினால் ஆய்வு முறையும் மாறலாம். அந்த ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் பிடிபடாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

“ஆயுசுக்கும் மாத்திரையா?” என்று மலைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு செயலற்றுப்போன ஒரு பெண்மணிக்குச் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். இன்று நம் கையில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கில் அளந்து செய்த மாத்திரை.

ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை மைக்ரோகிராம், எந்தக் கம்பெனி, என்றைக்கு மாற்றியது, எத்தனை நாள் விட்டுப்போனது, வேறென்ன மாத்திரை, எந்த லேப் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். முதல் பக்கத்தை மட்டும் காலியாக விடுங்கள். அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்காரும்போது அந்தப் பக்கத்தை நீட்டிக் கேளுங்கள்: “எனக்கு டி.எஸ்.ஹெச். எவ்வளவு இருக்கோணுங்க?”

அவர் எழுதித் தருவதுதான் உங்கள் இயல்பு அளவு. இனி எந்த ரிப்போர்ட் வந்தாலும் அதை அந்தப் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள்.