உதிர்ந்த இறகின் உரிமையாளர்

மலேசிய நகரமான ஸ்ரீ கெம்பாங்கானின் கடைவரிசைகளை ஒட்டி நிற்கும் நிழல்மரங்களின் கீழே காலையில் நடந்து செல்பவர் கண்ணில் ஓர் இறகேனும் படாமற் போகாது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தேய்ந்த இறகுகளை முறைவைத்து உதிர்த்துப் புதியன தரித்துக்கொள்வது பறவைகளின் சுபாவமாதலால், தரையில் கிடக்கும் இறகைக் கண்டு மரணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கையிலெடுத்ததும் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல விரைகிறோம்; ஆனால் அந்த இறகு உடலில் வகித்த ஸ்தானத்தையே முதலில் விசாரிக்க வேண்டும்.

நடுத்தண்டின் ஒருபுறம் குறுகியும் மறுபுறம் அகன்றும் இருந்தால், அது பெரும்பாலும் பறத்தலுக்குரிய சிறகிறகு. குறுகிய புறமே காற்றை எதிர்கொள்ளும் முன்விளிம்பு. இருபுறமும் சமமாக நீண்டிருப்பது பெரும்பாலும் வாலின் நடுவிறகு. சிறுத்து வளைந்து, அடியில் பஞ்சு பஞ்சாகக் கலைந்திருப்பது உடலை மூடிய இறகு. பிளவுபட்ட இறகை நுனியை நோக்கி விரலால் நீவினால், நுண்ணிழைகளிலுள்ள கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, அது மறுபடியும் ஒன்றாய்க் கூடிவிடும்.

ஸ்தானம் தெரிந்த பிறகே வர்ணம் பேசும். நுனி கறுத்து, அடிப்பாகம் வெண்மையாயுள்ள சிறகிறகு மைனாவுடையது. அடுத்தடுத்து அமைந்த அவ்வெண்மைகளே, அது பறக்கையில் சிறகின் வெண்திட்டாகத் தோன்றுகின்றன. தேய்மானம் மிகுந்த நுனியில் கருமை இருப்பதிலும் காரணமுண்டு: மெலனின் என்னும் நிறமி இறகை உறுதிப்படுத்துகிறது. இப்பிரதேசத்தில் சாதாரண மைனாவும் ஜாவா மைனாவும் கலந்து திரிவதால், இரண்டையும் பிரித்தறிய உடலிறகே துணை. முன்னதற்குப் பழுப்பு, பின்னதற்குக் கருஞ்சாம்பல். மீன்கொத்தியின் நீல இறகையோ வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நீலம் மறைந்து மங்கிய பழுப்பே எஞ்சும். அதில் நீல நிறமி கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் விளையும் தோற்றமே அந்நீலம்.

முழுக்கருப்பான இறகுதான் பரீட்சையில் கடினமானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பிச் செடிகளை அழித்த புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட காகம், அந்தத் தோட்டங்கள் மறைந்த பின்னரும் ஊர்தோறும் பெருகி நிற்கிறது. அதன் கூட்டிலேயே முட்டையிடும் குயிலும் அதே மரத்தை நாடுகிறது. ஆகவே ஒரு சாண் நீளத்தை எட்டும் அகன்ற சிறகிறகானால் காகமென்றும், ஒடுங்கி நீண்டு, நீலப்பச்சைப் பளபளப்புடன் திகழும் வாலிறகானால் ஆண்குயிலென்றும் ஊகிக்கலாம். பழுப்பில் வெண்பட்டைகள் குறுக்கோடினால் பெரும்பாலும் பெண்குயில்.

இறகைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவது அவசியம். அதனினும் அவசியம், இறகு கிடந்த இடத்தையும் மாதத்தையும் ஒரு சீட்டில் குறித்து உடன் வைப்பது. அக்குறிப்பில்லாத இறகு அலங்காரப் பொருளேயன்றி ஆதாரமாகாது.