மின்சாரம் தராத உலை எதற்கு?

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ 15 கி.மீ. சென்றால் கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தைப் பற்றி அறியாதவர்கள் குறைவு. தலா 220 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகளைக் கொண்ட அந்நிலையம் எண்பதுகளில் இயங்கத் தொடங்கியது. அதன் அருகிலேயே, 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று, மற்றோர் உலையிலும் முதன்முறையாகத் தொடர்வினை நிகழ்ந்தது. அது வேக ஈனுலைச் சோதனை உலை. அதன் முழு வெப்பத்திறனே 40 மெகாவாட்தான்.

எண்பதுகளின் இறுதியில் செங்கல்பட்டுப் பகுதியில் பொருளியல் ஆசிரியராக இருந்தேன். பொதுச் செலவு குறித்த வகுப்பில், சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, ‘மின்சாரம் தராத உலைக்கு எதற்கு சார் இத்தனை செலவு?' என்று கேட்டார். கரும்பலகையில் ‘வாய்ப்புச் செலவு' என்று எழுதி, அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிகள் கட்டியிருக்கலாம் என்று விளக்கினேன். வகுப்பு மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால், நான் சொன்னது பாதி விடைதான் என்பதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. மீதி விடை பொருளியலில் இல்லை. அணுக்கருவை மனிதன் எப்படி அறிந்தான் என்பதில் இருக்கிறது.

அணுக்கருவை எவரும் கண்ணால் கண்டதில்லை. அதை அறிவதற்கான முதன்மையான வழி, அதன்மீது ஏதேனும் ஒரு துகளை எறிந்து, என்ன ஆகிறது என்று எண்ணுவதுதான். மெல்லிய தங்கத் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தியபோது, பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. பல ஆயிரத்தில் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. திரும்பி வந்த அந்தச் சிலவற்றை வைத்தே அணுவின் நடுவே மிகச் சிறிய, அடர்ந்த கரு ஒன்று இருக்கிறது என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு முடிவுக்கு வந்தார். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். 1938-இன் இறுதியில் ஆட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான் பட்ட யுரேனியத்தில் பேரியம் இருப்பதைக் கண்டனர். கரு பிளந்துவிட்டது என்பதை லிசே மைட்னரும் ஃபிரிஷும் விளக்கினர். எறிதல், எண்ணுதல், ஊகித்தல் என்ற இதே முறைதான் இன்றும் தொடர்கிறது.

இப்படி எண்ணிக் கிடைக்கும் முதன்மையான அளவுக்குக் ‘குறுக்குப் பரப்பு' என்று பெயர். வருகின்ற நியூட்ரானுக்கு ஒரு கரு எவ்வளவு பெரிய இலக்காகத் தோன்றுகிறது என்பதே அது. இதை அளக்கும் அலகின் பெயர் ‘பார்ன்', ஆங்கிலத்தில் தானியக் களஞ்சியத்தைக் குறிக்கும் சொல். ஒரு சதுர சென்டிமீட்டரை, 1-க்குப் பின் 24 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் ஒரு பார்ன். யுரேனியம் கரு நியூட்ரானுக்குக் களஞ்சியம் போலப் பெரிய இலக்கு என்று 1942-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வேடிக்கையாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இலக்கின் அளவு நிலையானது அன்று. நியூட்ரானின் வேகத்தைப் பொறுத்து அது மாறும். நொடிக்கு 2.2 கி.மீ. வேகத்தில் மெதுவாக வரும் நியூட்ரானுக்கு, யுரேனியம்-235 கருவின் பிளவுக் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 585 பார்ன். பிளவில் புதிதாகப் பிறந்து, நொடிக்கு ஏறத்தாழ 20 ஆயிரம் கி.மீ. வேகத்தில் பாயும் நியூட்ரானுக்கோ அது ஒரு பார்னைச் சற்றே தாண்டும். வழக்கமான அணுமின் உலைகள் நீரைப் பயன்படுத்தி நியூட்ரான்களின் வேகத்தைத் தணிப்பது இதனால்தான்.

அப்படியானால் கல்பாக்கத்தில் வேக நியூட்ரானை நாடுவானேன்? இங்கேதான் ஒரு வரவு-செலவுக் கணக்கு வருகிறது. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடு. மீதி ஏறத்தாழ முழுவதும் யுரேனியம்-238. இது ஒரு நியூட்ரானை விழுங்கினால், சில நாள்களில் பிளவுபடக்கூடிய புளூட்டோனியம்-239 ஆக மாறும். ஆகவே, எரிக்கும் எரிபொருளுக்கு ஈடாகப் புதிய எரிபொருளைப் படைக்க முடியும். ஆனால், அதற்கு உபரி நியூட்ரான் வேண்டும்.

புளூட்டோனியம் கரு ஒரு நியூட்ரானை ஏற்றால், பிளவுபடாமல் போகும் தருணங்களையும் கணக்கில் கொண்டு, சராசரியாக எத்தனை நியூட்ரான்கள் திரும்பக் கிடைக்கின்றன? மெதுவான நியூட்ரானுக்கு ஏறத்தாழ 2.1, வேக நியூட்ரானுக்கு ஏறத்தாழ 2.4. இதில் ஒன்று, தொடர்வினை அணையாமல் இருக்கத் தேவை. இன்னொன்று, செலவான கருவுக்கு மாற்றாகப் புதியதைப் படைக்கத் தேவை. எஞ்சுவது 0.1 அல்லது 0.4. எஃகிலும் குளிர்விக்கும் பொருளிலும் வீணாகும் நியூட்ரான்களை அந்த எச்சத்திலிருந்துதான் ஈடுசெய்ய வேண்டும். 0.1 போதாது, 0.4 இருந்தால் சிறிது மிஞ்சும். அந்த மிச்சமே ஈனுலை. கன்றை ஈனும் பசுவைப்போல எரிபொருளை ஈனுவதால் அப்பெயர். யுரேனிய இருப்பு குறைவாகவும் தோரிய இருப்பு மிகுதியாகவும் உள்ள இந்தியாவுக்காக ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் இரண்டாம் கட்டம், தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இந்த ஓர் இலக்கத்தின் மீதுதான் நிற்கிறது.

நாட்டின் நீண்டகால எரிசக்தித் திட்டம் இத்தகைய எண்களைச் சார்ந்திருக்கும்போது, அவற்றைக் கடன் வாங்கினால் மட்டும் போதாது. வரலாறு அதைக் கற்பித்தது. பிரான்சின் ‘ராப்சடி' உலையை மாதிரியாகக் கொண்டு சோதனை உலை வடிவமைக்கப்பட்டது. அதற்காக 1971-இல் கல்பாக்கத்தில் தொடங்கப்பட்ட உலை ஆராய்ச்சி மையமே, 1985-இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. 1974-இல் பொக்ரானில் அணுவெடிச் சோதனை நடந்தபின், செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கவில்லை. எனவே, 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடும் 30 விழுக்காடு யுரேனியம் கார்பைடும் கலந்த எரிபொருளை நம் அறிவியலாளர்களே உருவாக்கினர். பிற நாடுகளிலும் அதைக் குறித்த அனுபவம் மிகக் குறைவு. அது எவ்வளவு தாங்கும் என்பதை எரித்துப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது.

பாதை சீராக இல்லை. 1987-இல் எரிபொருளைக் கையாளும்போது நேர்ந்த விபத்தில் பாகங்கள் வளைந்தன. சீரமைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 2002-இல் 75 கிலோ சோடியம் கசிந்தது. வடிவமைக்கப்பட்ட முழுத்திறனான 40 மெகாவாட்டை அந்த உலை எட்டியது 2022-இல்தான். மின்னுற்பத்தியால் மட்டும் மதிப்பிட்டால் இது தோல்விக் கதை.

ஆனால், அந்த உலை ஈட்டியது வேறு. ஒரு டன் எரிபொருளிலிருந்து எடுக்கப்படும் வெப்பத்தை மெகாவாட்-நாள் என்ற அளவில் கணக்கிடுவர். பக்கத்திலுள்ள அணுமின் நிலைய உலைகளில் அது ஏறத்தாழ 7,000. கார்பைடு எரிபொருளோ, படிப்படியாகச் சோதிக்கப்பட்டு, உறை சிதையாமல் 1,65,000 வரை தாங்கியது. ஒவ்வொரு படியிலும் எரிந்த குழாய்களை வெளியே எடுத்து, தடித்த ஈயக் கண்ணாடிக்குப் பின்னிருந்து இயந்திரக் கைகளால் வெட்டி ஆராய்ந்த பிறகே அடுத்த படிக்குச் சென்றனர். வரவிருந்த 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கான ஆக்சைடு எரிபொருளும் இங்கேயே சோதிக்கப்பட்டு, இலக்கான 1,00,000-ஐக் கடந்து 1,12,000 வரை தாங்கியது. இந்த எண்களை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

அதே வளாகத்தில் ‘காமினி' என்ற சிற்றுலை 1996-இல் செயல்படத் தொடங்கியது. அதன் வெப்பத்திறன் வெறும் 30 கிலோவாட். எனினும், தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டு அது இயங்குகிறது. நியூட்ரான் கற்றையால் பொருள்களின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் அதன் வசதி, விண்வெளித் துறையின் சிறு வெடிக் கருவிகளைப் பழுதில்லாமல் உறுதிசெய்ய உதவியிருக்கிறது.

தோரியத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. தோரியம்-232 ஒரு நியூட்ரானை ஏற்று, புரோடாக்டினியம்-233 ஆகி, பிறகே யுரேனியம்-233 ஆகிறது. இடையிலுள்ள புரோடாக்டினியத்தின் அரை ஆயுள் 27 நாள்கள். அதற்குள் அது இன்னொரு நியூட்ரானோடு வினைபுரிந்தால், வரவேண்டிய எரிபொருள் நட்டம். அந்த வாய்ப்பு எவ்வளவு என்று நேரடியாக அளப்பது மிகக் கடினம்; இலக்குப் பொருளே கரைந்துகொண்டிருக்கும். மும்பையிலுள்ள பெல்லட்ரான் முடுக்கியில் நம் ஆய்வாளர்கள் ஒரு சுற்றுவழியைக் கையாண்டனர். தோரியத்தின்மீது லித்தியம் கருக்களை மோதவிட்டனர். மோதலில் ஆல்ஃபா துகள் வெளியேறினால், எஞ்சுவது புரோடாக்டினியம்-234. அதாவது, புரோடாக்டினியம்-233 ஒரு நியூட்ரானை ஏற்றால் உருவாகும் அதே கரு. அது எத்தனை முறை பிளவுபடுகிறது என்று எண்ணி, நன்கறிந்த யுரேனியம் வினையோடு ஒப்பிட்டு, நேரில் அளக்க முடியாத அளவைக் குறிப்பிட்ட ஆற்றல் எல்லைக்குள் கண்டறிந்து 2008-இல் வெளியிட்டனர். தெரிந்த எடையைக் கொண்டு தெரியாத எடையை நிறுக்கும் வணிகரின் முறைதான் இதுவும்.

இவையெல்லாம் அறிஞர்களின் ஆர்வம் மட்டும்தானா? இல்லை, இக்கடற்கரையில் வாழ்வோரின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. பிளவில் வெளிப்படும் நியூட்ரான்களில் மிகச் சில மட்டும் உடனே வராமல், நொடிகள் தாமதித்து வருகின்றன. உலையைக் கட்டுப்படுத்தும் அவகாசத்தைத் தருபவை இந்தத் தாமத நியூட்ரான்களே. யுரேனியம்-235-இல் அவை ஆயிரத்துக்கு ஆறு அல்லது ஏழு; புளூட்டோனியம்-239-இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு. ஆகவே, புளூட்டோனியம் உலையில் பிழைக்கான இடம் குறைவு. கட்டுப்பாட்டுத் தண்டுகள் எத்தனை வேண்டும், எவ்வளவு விரைவாக இறங்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ‘இரண்டை' எவ்வளவு சரியாக அளந்திருக்கிறோம் என்பதைப் பொருத்தது.

அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில், இயங்கிக்கொண்டிருந்த அணுமின் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. முன்மாதிரி ஈனுலைக்காகத் தோண்டிய அடித்தளக் குழியில் கடல்நீர் புகுந்தது. அந்த உலைக்குத் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்ட செலவு ரூ.3,492 கோடி, முடிக்கத் திட்டமிட்டது 2010. பின்னர் ரூ.5,677 கோடியாகத் திருத்தப்பட்டு, அதற்குமேலும் உயர்ந்தது. உலையின் மையப்பகுதியில் பாகங்களை அடுக்கும் பணியே 2024 மார்ச் 4-இல்தான் தொடங்கியது. பிரான்ஸ் தன் ‘சூப்பர்ஃபீனிக்ஸ்' உலையையும், ஜப்பான் தன் ‘மோன்ஜு' உலையையும் கைவிட்டன, ரஷியா பெரிய ஈனுலைகளைத் தொடர்ந்து இயக்குகிறது. ஈனுலையால் மலிவான மின்சாரம் கிடைக்குமா என்ற கேள்வி முற்றிலும் நியாயமானது.

ஆனால், இரண்டு கணக்குகளை ஒன்றாகக் கலக்கக் கூடாது. வணிக உலை மின்சாரம் தருவதற்கானது. அதன் தாமதத்தையும் செலவையும் யூனிட் விலையைக் கொண்டு கறாராகக் கேட்க வேண்டும். சோதனை உலை அறிவு தருவதற்கானது. அது எந்தக் கேள்விக்கு விடை கண்டது, எந்தத் தவறைச் சிறிய அளவில் செய்து பெரிய அளவில் தவிர்த்தது என்று கேட்க வேண்டும். முதல் கணக்கில் தள்ளுபடி தருவதும் தவறு. இரண்டாவதை மெகாவாட்டால் அளப்பதும் தவறு. நான் வகுப்பறையில் செய்தது இரண்டாவது தவறு.

அறிவு பொதுச் சொத்து என்று பொருளியல் சொல்லும். ஒருவர் பயன்படுத்துவதால் அது மற்றவருக்குக் குறைவதில்லை. ஆனால், பூட்டி வைத்தால் பொதுச் சொத்தும் பயன்படாது. பாதுகாப்புக் காரணங்களால் மறைக்க வேண்டியவை சில உண்டு. மற்றவை மக்களைச் சேர வேண்டும். சோதனைகளின் முடிவுகளும், கதிர்வீச்சு அளவீடுகளும், நேர்ந்த பிழைகளும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் புரியும் தமிழில் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். செங்கல்பட்டு மாவட்டக் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள், தங்கள் ஊருக்கு அருகில் நடக்கும் அளவீடுகளைப் பாடத்தின் பகுதியாகக் காணும் ஏற்பாடு வேண்டும். செலவைச் சுமப்பவர்களுக்கும் அருகில் வாழ்பவர்களுக்கும் அந்தக் கணக்கைப் படிக்கும் உரிமை உண்டு.

அந்த மாணவர் இன்று எங்கிருக்கிறார் என்று அறியேன். அவரைக் கண்டால், அவருடைய கேள்வி சரியானது என்றும், என் விடைதான் குறையுடையது என்றும் சொல்வேன். மின்சாரம் தராத உலை எதற்கு? மின்சாரம் தரவேண்டிய உலையை நம்பலாமா, கூடாதா என்பதை நாம் அறிந்துகொள்வதற்கு.

கட்டுரையாளர்: பேராசிரியர் (பணி நிறைவு).