பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் விளக்கு

மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவர் தம் கண்ணால் காண இயலாத விளக்குகளுள் ஒன்று பிரேக் விளக்கு. முன்விளக்கு அணைந்தால் அந்தக் கணமே பாதை இருண்டு போகும். நாம் வண்டியை நிறுத்தி விடுவோம். பிரேக் விளக்கு அணைந்தாலோ, மாதக்கணக்கில் அதனை அறியாமலே ஓட்டிக் கொண்டிருப்போம். அது நமக்காக ஏற்பட்ட விளக்கன்று. பின்னால் வருபவருக்கு நாம் சொல்லும் சொல். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்து விடுகிறது. நம் விளக்கு எரியாமையால் பின்னால் வரும் லாரிக்காரர் ஒரு விநாடி தாமதித்து உணர்ந்தால், அந்தப் 14 மீட்டரும் நம் முதுகிற்கும் அவர் வண்டிக்கும் இடையே இல்லாமற்போகும். தில்லியிலும் லக்னோவிலும் அமிருதசரசிலும் மார்கழி, தை மாதங்களின் மூடுபனியில் காலையில் அலுவலகம் செல்லும் நம்மவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் பலரிடம் இன்றும் பழைய வண்டிகள் உள்ளன. 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் செய்த புல்லட்டு, மைசூரில் உருவான ஜாவா, யெஸ்டி ஆகியவை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து, மாற்றலாகும் ஊர்தோறும் உடன் செல்கின்றன. இரயிலில் பார்சலாக அனுப்பும்போது பெட்ரோலை வடித்து, சாக்கில் சுற்றிக் கட்டி ஏற்றுகிறார்கள். இறக்கும் இடத்தில் பெரிதும் அடிபடுவது வண்டியின் வால்புறமே. ஆகவே, புது ஊரில் வண்டியைப் பெற்றதும் முதலில் பார்க்க வேண்டியது பின்விளக்கு. கண்ணாடிச் சில்லு உடையாமல் இருந்தாலும், உள்ளே கம்பி அறுந்திருக்கக் கூடும்.

பழுதைக் கண்டுபிடிக்க மின்சாரம் செல்லும் வழியை மனத்தில் வரைந்து கொள்ளுதல் வேண்டும். பாட்டரியிலிருந்து பியூஸ், அதிலிருந்து சாவி ஸ்விட்சு, அங்கிருந்து பிரேக் ஸ்விட்சு, பிறகு பல்பு. பல்பிலிருந்து மட்கார்டு, சட்டம் ஆகிய இரும்பின் வழியாகப் பாட்டரிக்கே திரும்புதல். இந்த வட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் வழி அடைபட்டிருக்கிறது. எங்கே என்பதைச் சில எளிய சோதனைகளால் கண்டுவிடலாம். வண்டியைத் திறந்து போட்டுக் கொண்டு எல்லாவற்றையும் மாற்றுவது பணத்திற்கும் கேடு, வண்டிக்கும் கேடு.

சாவியைத் திருப்பி, முதலில் கால் பிரேக்கையும் பிறகு கைப் பிரேக்கையும் தனித்தனியே அழுத்தி, ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். (பழைய புல்லட்டில் கால் பிரேக்கு இடப்புறம் இருக்கும் என்பதை இரவல் வாங்கி ஓட்டுவோர் நினைவிற் கொள்க.) ஒன்றில் எரிந்து மற்றொன்றில் எரியாவிடில், பல்பும் பாட்டரியும் நலமே, எரியாத பிரேக்கின் ஸ்விட்சு அல்லது அதற்குரிய கம்பியே குற்றவாளி. மிகப் பழைய வண்டிகளில் கைப் பிரேக்கிற்கு ஸ்விட்சே இராது. இரண்டிலும் எரியாவிடில் ஹாரனை அடித்துப் பாருங்கள். ஹாரனும் ஊமையானால் பாட்டரியையோ பியூசையோ சந்தேகிக்க வேண்டும். ஹாரன் நன்கு ஒலித்தால், பழுது பெரும்பாலும் விளக்கை ஒட்டியே இருக்கிறது.

இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. "பின்விளக்குத்தான் எரிகிறதே, பாட்டரி எப்படிக் கெட்டிருக்கும்?" என்று பலர் கேட்பர். பல இந்திய வண்டிகளில் முன்விளக்கும் பின்விளக்கும் இயந்திரம் ஓடும்போது உண்டாகும் மாறுமின்னோட்டத்தை நேராகப் பெறுகின்றன. பிரேக் விளக்கும் ஹாரனும் மட்டும் பாட்டரியை நம்பியிருக்கின்றன. ஆதலால் பின்விளக்கு எரிவது பாட்டரியின் நலத்திற்குச் சான்றாகாது.

பியூசு எரிந்திருப்பின் அதே அளவுள்ள வேறொன்றைப் பொருத்துக. மீண்டும் எரிந்தால் எங்கோ ஒரு கம்பி உறை தேய்ந்து இரும்பைத் தொடுகிறது என்று பொருள். சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் பியூசாக வைப்பது நம் நாட்டில் பரவிய வழக்கம். அது பழுதைத் தீர்ப்பதில்லை. பியூசுக்குப் பதிலாக வண்டியின் கம்பித் தொகுதியே எரிய வழி செய்கிறது.

இனிப் பல்பு. பின்விளக்கின் பல்பினுள் இரண்டு இழைகள் உள்ளன. பொதுவாக 5 வாட் இழை எப்போதும் எரிவது. 21 வாட் இழை பிரேக்கிற்கு உரியது. ஒன்று அறுந்து மற்றொன்று எரிந்து கொண்டிருத்தல் இயல்பே. பல்பை அழுத்தித் திருகி வெளியே எடுத்து, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அறுந்த இழை தெரியும். புதியது வாங்கும்போது வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதைத் தெரிந்து கொண்டு செல்லுங்கள். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பு மினுக்கும்; 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் பல்பு நொடியில் கருகும்.

பல்பின் பித்தளை அடியில் இரண்டு முளைகள் உண்டு. அவை சம உயரத்தில் இல்லாதவாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்டுள்ளன. ஒரே முறையில்தான் பொருந்தும். தேய்ந்த ஹோல்டரில் வலுவாகத் திருகினால் மாறியும் புகுந்துவிடும். அப்போது 21 வாட் இழை எப்போதும் எரியும். பிரேக்கை அழுத்தினால் சிறிய இழை எரியும். பார்ப்பவருக்கு ஒரு வேறுபாடும் தோன்றாது. இதனினும் கொடியது, ஒற்றை இழைப் பல்பை இந்த ஹோல்டரில் திணிப்பது. அதன் அடியிலுள்ள ஒரே முனை, ஹோல்டரின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிடுகிறது. பிரேக்கை அழுத்தினால் வேகமானியின் விளக்கு எரிவது போன்ற விந்தைகளைக் காண நேர்ந்தால், முதலில் பல்பைக் கழற்றிப் பாருங்கள்.

பல்பு நன்றாயிருந்தும் எரியவில்லையா? பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரின் உட்புறத்தை மெல்லிய உப்புத்தாளால் துடையுங்கள். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில் பித்தளை விரைவில் பச்சை பூத்துவிடும். அடியிலுள்ள சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்து போயிருப்பதும் உண்டு.

என் கருத்தில், பழைய வண்டிகளில் மிகுதியாகத் துன்பம் தருவது மேற்கூறிய எதுவுமன்று. எர்த் எனப்படும் திரும்புவழியே ஆகும். விளக்கு மட்கார்டில் திருகப்பட்டிருக்கிறது. மட்கார்டு சட்டத்தில் திருகப்பட்டிருக்கிறது. ஆசையோடு வண்டிக்குப் புது வர்ணம் பூசுகிறோம். திருகுகளின் அடியிலும் வர்ணம் புகுந்து, இரும்போடு இரும்பு தொடாமல் போகிறது. பளபளக்கும் வண்டி பிரேக் விளக்கை இழக்கிறது. பிரேக்கை அழுத்தும்போது பின்விளக்கும் சேர்ந்து மங்கினால், அல்லது பக்க விளக்குகள் இலேசாக ஒளிர்ந்தால், எர்த் கெட்டுள்ளது என்று ஏறக்குறைய உறுதி கொள்ளலாம். சோதனை எளிது. சட்டத்தோடு இணைந்துள்ள பாட்டரி முனையிலிருந்து ஒரு நீண்ட கம்பியை விளக்கின் உலோக உடலுக்குத் தொடுங்கள். விளக்கு பளிச்சென எரிந்தால் குறை அதுவே. அவ்விடத்தைச் சுரண்டித் திருகுவதைவிட, ஹோல்டரிலிருந்து சட்டத்திற்குத் தனிக்கம்பி ஒன்று இழுத்துவிடுவது நிலையான தீர்வு. 6 வோல்ட் வண்டிக்கு இஃது இன்றியமையாதது. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். வழியில் அரை வோல்ட் வீணானால், முன்னதில் இருபத்து நான்கில் ஒரு பங்கே இழப்பு. பின்னதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒளியோ அதனினும் மிகுதியாகக் குன்றும்.

வடநாட்டு மெக்கானிக்கு "அர்த் நஹீன் மில் ரஹா" என்பார். இந்தியைப் புத்தகத்தில் கற்ற நம்மவர், 'பொருள் கிடைக்கவில்லை' என்று கொண்டு திகைப்பதுண்டு. அவர் சொல்வது இந்த எர்த்தையே. "பீச்சே கீ பிரேக் லைட் நஹீன் ஜல் ரஹீ" என்று தொடங்கினால் போதும். எஞ்சியவற்றை அவர் கேட்டுக் கொள்வார். தில்லியில் கரோல்பாக், கொல்கத்தாவில் மல்லிக் பஜார் ஆகிய இடங்களில் பழைய வண்டிகளின் உறுப்புகள் கிடைக்கும். மாதிரிக்குப் பழைய பல்பையும் ஸ்விட்சையும் கையோடு எடுத்துச் செல்வது நலம்.

ஸ்விட்சைச் சோதிக்க, அதனுள் செல்லும் இரு கம்பிகளையும் கழற்றி, ஒரு சிறு துண்டுக் கம்பியால் ஒன்றோடொன்று இணையுங்கள். அவை சட்டத்தைத் தொடலாகாது. விளக்கு எரிந்தால் ஸ்விட்சே குற்றவாளி. எரியாவிடில் ஸ்விட்சிற்கும் விளக்கிற்கும் இடையிலோ, ஸ்விட்சிற்கு முன்னரோ கம்பி அறுந்துள்ளது. இருக்கையின் அடியிலும் மட்கார்டு வளையும் இடத்திலும் உறை முழுமையாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். பிரேக்கை அழுத்தி வைத்துக் கொண்டு கம்பியை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பார்த்தால் விளக்கு ஓரிடத்தில் கண் சிமிட்டும்.

ஸ்விட்சு நன்றாயிருந்தும் அளவு தவறியிருக்கலாம். கால் பிரேக்கின் ஸ்விட்சை ஒரு ஸ்பிரிங்கு இழுக்கிறது. ஸ்விட்சின் கழுத்திலுள்ள மரையைத் திருப்பி உடலை உயர்த்தினால் விளக்கு முன்னதாக எரியும், தாழ்த்தினால் தாமதமாகும். உடலையே பிடித்துத் திருகலாகாது. கம்பிகள் முறுக்கி அறும். மிகவும் உயர்த்திவிட்டால் விளக்கு ஓயாமல் எரியும். இது எரியாமையைவிடச் சிறந்ததன்று. பின்னால் வருபவருக்குச் செய்தி ஒன்றும் கிட்டாது. பாட்டரியும் வற்றிப் போகும்.

இக்காலத்தில் எல்.இ.டி. பல்புகள் வந்துள்ளன. மின்சாரம் மிகக் குறைவாகவே இழுக்கும். இழை சூடேற வேண்டிய தாமதமும் இல்லை. ஆனால் அவற்றிற்கு முனைகளின் திசை முக்கியம். பாட்டரியின் நேர்முனையைச் சட்டத்தோடு இணைத்த மிகப் பழைய வண்டிகளில் சாதாரண எல்.இ.டி. எரியாது. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே சிவப்பு எல்.இ.டி.யே நன்கு ஒளிரும். எனினும், அதே பல்பு கீழ்ச் சாளரம் வழியாக எண்பலகைக்கும் ஒளி தரும் வண்டியில், எண்கள் சிவந்து தோன்றும். எண்பலகைக்கு வெள்ளை ஒளி வேண்டும் என்பது சட்டம்.

எல்லாம் முடிந்தபின் பார்த்துச் சொல்ல எவரும் இல்லாவிடில், இரவில் வண்டியின் வால்புறத்தை ஒரு சுவருக்கு அருகே நிறுத்திப் பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். பிரேக்கு சக்கரத்தைப் பற்றத் தொடங்குவதற்குச் சற்று முன்னரே சுவரில் சிவப்பு பளிச்சென்று கூட வேண்டும். கைப் பிரேக்கிற்கும் ஒருமுறை அவ்வாறே செய்து பாருங்கள்.